வடிகுழாய்க்கு ஒரு சுருக்குப்பை

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்த முதல் இரவு, காயத்தைவிட அக்குளுக்குக் கீழே தொங்கிய வடிகுழாய்தான் படுத்தியது. அதன் நுனியில், காயத்துக்குள்ளிருந்து வடியும் நீர் வந்து சேர, சின்ன ஆரஞ்சு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ். ஊக்கு குத்தி நைட்டியில் மாட்டியிருந்தேன். பாத்ரூம் போக எழுந்தபோது குழாய் கதவுத் தாழ்ப்பாளில் சிக்கி இழுக்க, உயிர் போய் வந்தது.

மறுநாள் மாமியார் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, தன் வெற்றிலைப் பை மாதிரியே ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார். நீள நாடா போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான், குழாய் தொல்லை தீர்ந்தது. நைட்டிகளும் முன்பக்கம் பட்டன் வைத்தவையாக மாறின. கையைத் தூக்கினால்தானே தலை வழியாகப் போட முடியும்!

காலையும் மாலையும் குமிழைத் திறந்து நீரை அளந்து, தினசரி காலண்டர் தாளில் குறித்தேன். மூடும் முன் குமிழை நன்றாக அமுக்க வேண்டும். அந்த வெற்றிடம்தான் நீரை உறிஞ்சும். மறந்த ஒரு நாள் கட்டு ஈரமாகிவிட்டது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே, அதுவும் 2 நாள் தொடர்ந்து இறங்கிய பிறகே டாக்டர் குழாயை எடுத்தார்.

அப்புறம் கைப்பயிற்சி. சுவரில் விரல்களால் மெல்ல ஏறி, எட்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போடுவேன். முதல் கோடு சுவிட்ச் போர்டு உயரம். 5 வாரத்தில் சாமி படத்தைத் தொட்டேன்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை (நெறி கட்டினால் வீங்குமே, அவை) எடுத்த பக்கம் என்பதால் அந்தக் கையில் ஊசி, பிபி பட்டை வேண்டாம் என்றிருந்தார்கள். ரத்தம் எடுக்க வந்த பையன் நேராக அதே கையைப் பிடித்தான். இந்தக் கை வேண்டாம் என்பதற்கு அடையாளமாக அன்று கட்டிய சிவப்புக் கயிறு இன்னும் அந்த மணிக்கட்டில் இருக்கிறது.