ஹீட் பம்ப் ஓடும் வீட்டை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் சேவை: தொடங்குவது எப்படி?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது எரிவாயு பாய்லர்தான். அதை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஆனாலும் தயக்கம் போகவில்லை. “சத்தம் போடுமாமே”, “பழைய வீட்டுக்கு ஒத்துவராதாமே”, “மின்கட்டணம் எகிறுமாமே” என்று எல்லாம் செவிவழிச் செய்திகளாகவே உலவுகின்றன. கையேடு அச்சடித்துக் கொடுத்து இந்தத் தயக்கத்தைப் போக்க முடியாது. அந்தக் கருவி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போய், கட்டணம் கட்டுகிறவரிடமே கேட்டால்தான் போகும் என்று உறுதியாக நம்புகிறேன். நெஸ்டா என்ற தொண்டு அமைப்பு இப்படியொரு சேவையை அங்கே தொடங்கியது. அதே வழியில் ஒரு சிறிய பகுதிக்கு நீங்களே தொடங்கலாம்.

படி 1: யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

பாய்லர் ஒன்று பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். நடுக்குளிரில் அது நின்றுபோனால், கிடைக்கிற புதிய பாய்லரை மறுநாளே பொருத்திவிடுவார்கள். யோசிக்க அவகாசம் இருக்காது. எனவே பாய்லர் பழசாகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சொந்த வீட்டுக்காரர்களே உங்கள் முதல் இலக்கு. வாடகைக்கு இருப்பவர்களையும் வரவேற்கலாம். ஆனால் முடிவு வீட்டு உரிமையாளர் கையில் இருப்பதால், அவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.

படி 2: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. பிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் வெளியேற்றுவதுபோல, இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. அதனால் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும்.

ஒரு வீடு ஆண்டுக்கு 12,000 யூனிட் எரிவாயு எரிப்பதாக வைத்துக்கொள்வோம். பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால், வீட்டுக்குக் கிடைப்பது 10,200 யூனிட் வெப்பம். ஹீட் பம்ப் மூன்று மடங்கு தந்தால் இதற்கு 3,400 யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு மடங்கு தந்தால் 2,550 போதும். பிரிட்டனில் மின்சாரத்தின் யூனிட் விலை எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படியானால் மூன்று மடங்கு கிடைக்கும் வீட்டின் செலவு 13,600 யூனிட் எரிவாயுவின் விலைக்குச் சமம். நான்கு மடங்கு கிடைக்கும் வீட்டுக்கு 10,200 யூனிட்தான். பாய்லர் எரித்த 12,000 யூனிட்டோடு ஒப்பிட்டால், ஒருவருக்குச் செலவு கூடுகிறது, இன்னொருவருக்குக் குறைகிறது. இருவர் சொல்வதும் உண்மை. இதை மறைக்கிற சேவையை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

அந்த மடங்கை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலை பெருமளவு தீர்மானிக்கிறது. 55 டிகிரியைவிட 40 டிகிரி நீரில் ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடும். நீர் அவ்வளவு சூடாக இல்லாமலேயே அறை கதகதப்பாக வேண்டுமென்றால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும், வெப்பம் கசியாமல் வீடு நன்கு மூடியிருக்க வேண்டும்.

படி 3: வீடு காட்ட முன்வருபவர்களைத் தேடுங்கள்

நாலைந்து வீடுகள் போதும். அவை வெவ்வேறு வகையாக இருக்கட்டும்: விக்டோரியா காலத்து வரிசை வீடு, 1930களில் கட்டிய இரட்டை வீடு, புதிதாகக் கட்டியது. தன் வீட்டைப் போன்ற வீட்டைப் பார்த்தால்தான் வருகிறவருக்குப் பயன். கருவியை விற்பவர்களைச் சேர்க்காதீர்கள். குறை சொல்லும் வீட்டுக்காரர் ஒருவரையாவது கட்டாயம் சேருங்கள். அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் போலத் தமிழர்கள் நிறைய வாழும் பகுதியாக இருந்தால் தமிழில் பேசும் வீடும் வேண்டும். வீட்டைக் கதகதப்பாக வைப்பது பற்றி வயதான அம்மா அப்பாவுக்கும் கேள்விகள் இருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் நான்கு விவரங்களை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்: பொருத்த ஆன செலவு, ஓராண்டு மின்கட்டணம், நீரின் வெப்பநிலை, மாற்றிய ரேடியேட்டர்களின் எண்ணிக்கை.

படி 4: முன்பதிவு

செயலி எழுத வேண்டாம். ஓர் இணையப் படிவம், ஒரு தொலைபேசி எண், ஒரு நாட்காட்டி போதும். முகவரியை வெளியிடாதீர்கள், நேரம் உறுதியான பிறகு வருகிறவருக்கு மட்டும் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடத்துங்கள். கடுங்குளிரில்தான் வெளியே இருக்கும் கருவி முழுமூச்சாக ஓடும், சத்தத்தை அருகில் நின்று கேட்கலாம். வெந்நீர்த் தொட்டி வைத்த இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் கோம்பி பாய்லர் வைத்திருப்பவர்கள் வீட்டில் அந்தத் தொட்டி இருக்காது என்பதால், அதற்கு இடம் எங்கே என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

படி 5: திரும்பிப் போகும்போது ஒரு வேலை கொடுங்கள்

கோம்பி பாய்லர் உள்ளவர்கள், குளிர் மிகுந்த நாளில் ரேடியேட்டர் நீரின் வெப்பநிலையை 55 டிகிரிக்குக் குறைத்துப் பார்க்கலாம். வீடு கதகதப்பாகவே இருந்தால், இப்போதுள்ள ரேடியேட்டர்களில் பெரும்பாலானவை போதும் என்பதற்கு நல்ல அறிகுறி. வெந்நீர்த் தொட்டி உள்ளவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். தொட்டி நீர் போதிய சூடாக இல்லாவிட்டால் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும். அடுத்தது, அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடுவதும் ஒன்றுக்கு மேற்பட்ட விலைப்புள்ளிகள் வாங்குவதும். எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற நிறுவனம் பொருத்தினால்தான் மானியம் உண்டு. விண்ணப்பத்தையும் அந்த நிறுவனமே போடும்.

படி 6: மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்

எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். விலைப்புள்ளி வாங்கினார்களா, எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தவர்களின் காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து, அடுத்த குளிர்காலத்துக்கு முன் வீடு காட்டுபவர்களிடம் கொடுங்கள்.