சொத்து மதிப்பீட்டாளரின் இணையதளத்தைப் பயனுள்ளதாக்குவது எப்படி?

மதிப்பீட்டாளரைத் தேடி வருபவருக்குப் பெரும்பாலும் ஓர் அவசரம் இருக்கும்: வங்கிக் கடன், விசா, பாகப்பிரிவினை அல்லது மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி). ஆகவே முகப்பில் வானளாவிய கட்டடப் படங்களை அடுக்குவதை விட்டு, இத்தேவைகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் அமையுங்கள்.

மூலதன ஆதாயப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்நாளின் நியாயமான சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம் என்பதையும், நிலம், கட்டடத்தைப் பொறுத்தவரை அது முத்திரைத் தீர்வைக்கான அன்றைய மதிப்பைத் தாண்டக் கூடாது என்பதையும் எளிய கணக்கு ஒன்றுடன் விளக்கினால், வாசிப்பவர் உங்களை நம்பத் தொடங்குவார். பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது எனக் கொண்டுவர வேண்டிய ஆவணங்களையும் அங்கேயே குறிப்பிடுங்கள்; பாதித் தொலைபேசி அழைப்புகள் இதைக் கேட்கத்தான் வருகின்றன.

பதிவு எண்ணை மறைவான மூலையில் வைக்காதீர்கள். செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின்படி பதிவு பெற்றவரா, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 247-ஆம் பிரிவின்படியா என்பதைத் தெளிவாக எழுதுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

பெயர், சர்வே எண் நீக்கிய மாதிரி அறிக்கை ஒன்றைச் சேர்ப்பது நல்லது. சதுர அடியை உள்ளிட்டதும் விலை சொல்லும் கருவியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: இடத்தைப் பார்க்காமலே மதிப்பு சொல்லலாம் என்றால், உங்களுக்கு எதற்குக் கட்டணம் என்றுதான் வந்தவர் கேட்பார்.