"ரொம்ப சமத்து"ன்னு நம்பி ஏமாறாதீங்க: ப்ரீடர்கிட்ட இருந்து வந்த தாய் நாய தத்தெடுக்கறவங்க பண்ற தப்புங்க

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு. பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்ல ஒரு பார்க், புல்லு மேல ஒரு பீகிள் நாய் உக்காந்திருக்கு, கழுத்துல லீஷ் இல்ல, அதாவது நாம புடிச்சுக்கற கயிறு. கீழ ஒரு வரி, "அக்கா பாருங்க, மூணே நாள்ல எவ்ளோ சமத்தாயிடுச்சு". வாயில வச்ச காபி இறங்கல. உடனே கால் பண்ணேன், எடுக்கல. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே பண்ணாங்க, நாய் ஓடிடுச்சுன்னு அழுதுக்கிட்டே.

ப்ரீடர்கிட்ட இருந்து வந்த அந்த பீகிள, தத்து போற வரைக்கும் ஆறு வாரம் என் வீட்ல வச்சு ஃபாஸ்டர் பண்ணவ நான். குடுக்கும்போது, ரெண்டு லீஷ் இல்லாம வெளிய கூட்டிட்டு போகாதீங்கன்னு மூணு தடவ சொன்னேன், பேப்பர்ல எழுதி குடுத்தேன், தத்தெடுத்த வீட்டு பையன திருப்பி சொல்லவும் வச்சேன். என்ன பிரயோஜனம். இதுல கொடும என்னன்னா இதே தப்ப 2019ல நானே பண்ணிருக்கேன், அதனால திட்டவும் வாய் வரல, திட்டாம இருக்கவும் முடியல, அதான் உக்காந்து எழுதறேன்.

சாக்லேட் குடுக்காதீங்க, தடுப்பூசி போடுங்க, வெயில்ல தார் ரோட்ல நடத்தாதீங்க இதெல்லாம் எழுதப் போறதில்ல. நாய் வளக்க ஆசப்படற யாருக்கும் இது தெரியும்.

முதல்ல இவங்க எங்க இருந்து வராங்கன்னு

ப்ரீடர்னா நாய்ங்கள குட்டி போட வச்சு விக்கறவங்க. அவங்ககிட்ட ஒரு கூண்டு, இல்லன்னா ஒரு ஷெட்டு. ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது பொட்ட நாய் சேரத் தயாராகற ஒவ்வொரு தடவையும், கிராஸ் பண்ணி, குட்டிய வித்து, அஞ்சாறு வயசுல குட்டி எண்ணிக்க கொறைய ஆரம்பிச்சதும் ராத்திரியோட ராத்திரியா ரோட்ல விட்டுடறது. 2017ல மத்திய அரசு ரூல்ஸ் போட்டிருக்கு, பதினெட்டு மாசத்துக்கு முன்னாடி சேக்கக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது, ப்ரீடர்னா மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும்னு. பேப்பர்ல எல்லாம் அழகாத்தான் இருக்கு.

உடம்ப பாத்தாலே கதை தெரியும். மடி தொங்கிப் போயிருக்கும், நகம் வளந்து வளைஞ்சிருக்கும், கம்பி மேலயே நின்னு நின்னு பாதம் விரிஞ்சிருக்கும், கோரப்பல்லோட பின்பக்கம் கூண்டு கம்பிய கடிச்சே தேஞ்சிருக்கும். மாடிப்படின்னா என்னன்னு தெரியாது. ஃபேன் சுத்தினா பயம், மிக்சி ஓடினா கட்டிலுக்கு அடியில. சில நாய்ங்க கதவு நிலைய தாண்டவே யோசிக்கும், ஏன்னா அதோட வாழ்க்கைல திறந்த கதவுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல.

பெரிய தப்பு: ஒத்த காலர்ல வெளிய கூட்டிட்டு போறது

இதுக்குத்தான் நான் எழுத உக்காந்ததே, அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வந்த முதல் சில நாள் இந்த நாய்ங்க குலைக்காது, இழுக்காது, ஒரு மூலைல படுத்தா படுத்த இடம்தான். தூக்கினா தூக்க விடும், குழந்தை கட்டிப்பிடிச்சா அசையாம இருக்கும். பாக்கறவங்க எல்லாரும் "என்ன சமத்து"ன்னு சொல்வாங்க. நல்லா உத்துப் பாருங்க. வால் கால் இடுக்குல இருக்கும், உதட்ட நக்கிட்டே இருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், ஓரக்கண்ணுல வெள்ள தெரியும், நீங்க ரூம்ல இருக்கற வரைக்கும் சாப்பாட்ட தொடாது. பயத்துல உறைஞ்சு போய் இருக்கு, அவ்ளோதான். அந்த உறைச்சல் மூணாவது நாளோ அஞ்சாவது நாளோ இளகும், அப்போ உடம்புல முதல்ல முழிச்சிக்கறது காலுங்கதான்.

என் பொன்னி அப்படித்தான் போனா. பொன்னி ஒரு லேப்ரடார், ஆறு வயசு இருக்கலாம்னு டாக்டர் பல்ல பாத்து சொன்னாரு, வரும்போது வெறும் எலும்பும் தோலும். நாங்க ஹலசூர்ல சோமேஸ்வரர் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கோம். நாலாவது நாள், ஞாயித்துக்கிழமை காலைல, சிவப்பு கலர்ல புதுசா வாங்கின காலர மாட்டி கீழ கூட்டிட்டு வந்தேன். கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல ரெண்டு விரல் போகற அளவுக்கு இருக்கணும்னு எங்கயோ படிச்சிருந்தேன், அப்படியே மாட்டினேன், ரொம்ப பெருமையா நடந்தேன். எதிர்ல தண்ணி கேன் ஏத்தின ஆட்டோக்காரர் காலி கேன தூக்கி ரோட்ல போட்டாரு, டொம்முன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அவ முன்னாடி ஓடல, பின்னாடி நகர்ந்து தலைய ஒரு உதறு உதறினா, காலர் என் கையில இருக்கு, நாய் இல்ல.

பின்பக்கமா இழுத்தா எந்த சாதா காலரும் கழண்டுடும். இத யாரும் எனக்கு சொல்லல, நான் இப்போ எல்லாருக்கும் சொல்றேன், யாரும் கேக்கறதில்ல.

அடுத்த முட்டாள்தனம், நான் "பொன்னி பொன்னி"ன்னு கத்திட்டே பின்னாடி ஓடினேன். பேர் வச்சே நாலு நாள்தான் ஆச்சு, அது அவ பேருன்னே அவளுக்கு தெரியாது, ஒரு பொம்பள கத்திட்டு துரத்தறான்னு மட்டும்தான் அவளுக்கு புரிஞ்சிருக்கும். என் வீட்டுக்காரர் ஓடினாரு, இட்லி கடை பையன் ஓடினான், கேட்ல இருந்த செக்யூரிட்டி "மேடம், ஆ கடெ ஹோய்த்து"ன்னு, அந்தப் பக்கம் போச்சுன்னு கன்னடத்துல சொல்லி கை காட்டிட்டு அவரும் ஓடினாரு. நாங்க எல்லாரும் சேந்து அவள அழகா மெட்ரோ லைனுக்கு கீழ இருக்கற மெயின் ரோடு வரைக்கும் துரத்தி விட்டோம். பஸ்ஸுக்கு நடுவுல புகுந்து அந்தப் பக்கம் போயிட்டா. சும்மா விட்டிருந்தா பக்கத்து காம்பவுண்ட்ல ஏதாவது கார் அடியிலதான் போய் படுத்திருப்பா.

ரெண்டு ராத்திரி. ஏரிக்கரை, மர்ஃபி டவுன், எம்இஜி ராணுவ கேம்பஸ் மதில் ஓரம்னு எல்லா இடமும் நடந்தோம். கிடைச்சது கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கம் பாதி கட்டின ஒரு பில்டிங்ல. அங்க வாட்ச்மேன் தாத்தா திருப்பத்தூர் பக்கத்துக்காரர், "ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் தாயி, சோத்த தின்னுட்டு மணல் குவியலுக்கு பின்னாடி போயிடும், கிட்ட போனா ஓடுது"ன்னாரு. எங்க வீட்டு நாட்டு நாய் மணிய கூட்டிட்டு போய், பொன்னி படுத்திருந்த பழைய பெட்ஷீட்ட விரிச்சு, அவ இருக்கற பக்கத்துக்கு முதுக காட்டி தரைல உக்காந்தோம். கூப்பிடல, திரும்பிப் பாக்கல, தயிர் சாதத்த பிசைஞ்சு மணிக்கு ஊட்டிட்டே இருந்தேன். ரெண்டே காலுக்கு வந்தா, என்கிட்ட இல்ல, மணிகிட்ட. வாழ்க்க பூரா நாய்ங்களோடயே இருந்தவளுக்கு மனுஷங்கள விட நாய்ங்கள்தான நம்பிக்க. பாதம் நாலும் தோல் உரிஞ்சு, உடம்பெல்லாம் உண்ணி, அப்புறம் டிக் ஃபீவர்னு சொல்ற உண்ணிக் காய்ச்சல், அந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் பதினெட்டாயிரம் ஆச்சு. பணத்த விடுங்க, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவ வீட்டு வாசல தாண்டல.

இப்போ நான் என்ன பண்றேன்னா, முதுகுக்கு ஒரு ஹார்னஸ், வயித்துக்கிட்ட மூணாவது பட்ட இருக்கறது, கழுத்துக்கு ஒரு மார்டிங்கேல் காலர், அது இழுத்தா தானா டைட் ஆகும், கழண்டு வராது, ஆனா வெளிய போகும்போது மட்டும்தான் மாட்டணும், வீட்ல கழட்டிடணும். ரெண்டுக்கும் தனித்தனி லீஷ், ஒண்ணு கையில, இன்னொண்ணு என் இடுப்புல. மாட்டறது கழட்டறது ரெண்டும் வீட்டு கதவு மூடின பிறகுதான், லிஃப்ட்லயோ கார்லயோ கிடையாது. கார்ல இருந்து இறங்கற அந்த அஞ்சு நொடிலதான் நிறைய நாய் போகுது. வீட்ல டெலிவரி பையன் பெல் அடிச்சா, முதல்ல நாய் ரூம் கதவ சாத்திட்டுதான் வாசக் கதவு, அத்தைக்கும் இதே ரூல்தான், முதல்ல முணுமுணுத்தாங்க, இப்போ அவங்கதான் எங்கள திட்டறாங்க.

காலர்ல போன் நம்பர் போட்ட தகடு கட்டாயம். தோலுக்கு அடியில மைக்ரோசிப் போட்டிருக்கேன் அக்கா, எங்க இருக்குன்னு காட்டுமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, காட்டாது, அது அரிசி சைஸ்ல ஒரு பதினஞ்சு இலக்க நம்பர், யாராவது புடிச்சு ரீடர் வச்சு பாத்தாதான் உண்டு.

அந்த பீகிள் கிடைச்சுடுச்சு, அதே பார்க்குக்கு எதிர் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ஜெனரேட்டருக்கு பின்னாடி. நல்லவேளை அவங்க துரத்தல, போன்ல நான் போட்ட சத்தத்துல துரத்த பயந்துட்டாங்க. போன வாரம் புது போட்டோ அனுப்பினாங்க, நான் நாயோட மூஞ்சிய பாக்கல, எத்தன லீஷ்னு எண்ணினேன். ரெண்டு.

"நிறைய குட்டி போட்டவ, இனிமே ஆபரேஷன் எதுக்கு?"

இதுவும் உயிர் போற விஷயம். குட்டி போட்ட நாய்க்கு கர்ப்பப்பைல ஒண்ணும் வராதுன்னு ஒரு நம்பிக்க சுத்திட்டு இருக்கு, தப்பு. எடுக்காம விட்டா ஒவ்வொரு ஹீட்டுக்கு அப்புறமும் பயோமெட்ரா வர சான்ஸ் இருக்கு, அதாவது கர்ப்பப்பைக்குள்ள சீழ் கட்டறது. பெரும்பாலும் ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல வரும். தண்ணிய குடம் குடமா குடிக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு போகும், சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும். சில நாய்க்கு பின்னாடி சீழ் வடியும், சில நாய்க்கு கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு ஒரு சொட்டு கூட வெளிய வராது, அதுதான் இன்னும் ஆபத்து. நாளைக்கு பாக்கலாம்னு விடற கேஸ் இல்ல இது, அன்னைக்கே போகணும்.

நிறைய ரெஸ்க்யூ அமைப்புங்க கர்ப்பப்பை ஆபரேஷன் முடிச்சுத்தான் குடுப்பாங்க. முடிக்காம குடுத்தா, முன்னாடி ரத்த டெஸ்ட் கட்டாயம் கேளுங்க, முக்கியமா பிளேட்லெட். ஷெட்ல இருந்து வந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாம உள்ள இருக்கும், பிளேட்லெட் கம்மியா இருக்கும்போது கத்தி வச்சா ரத்தம் நிக்காது. அப்படியே மடிய விரலால ஒவ்வொண்ணா தடவிப் பாக்க சொல்லுங்க. பட்டாணி சைஸ்ல கட்டி இருந்தா கூட விடாதீங்க, நாய்க்கு மடில வர கட்டில கிட்டத்தட்ட பாதி கேன்சர்தான்.

"பால்கனிலயே போகுது, திமிரு"

திமிரெல்லாம் இல்ல. அஞ்சு வருஷம் சிமெண்ட் தரைல தின்னு, தூங்கி, அங்கயே ஒண்ணுக்கு போனவளுக்கு உங்க பால்கனி டைல்ஸ்தான் கக்கூஸ். புல்லு அவளுக்கு புதுசு, கால் வைக்கவே பயப்படுவா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரே இடத்துக்கு கூட்டிட்டு போங்க, ரெண்டு லீஷ்ல, போனதும் ஒரு துண்டு சிக்கன். மூக்க தரைல தேய்க்கற ஆளா இருந்தா தயவு செஞ்சு நாயே வளக்காதீங்க.

வந்த அன்னைக்கே குளிப்பாட்டறது

நாத்தம் ஒரு வாரம் தாங்கும். நீங்களும் தாங்குங்க.

சொந்தக்காரங்கள கூப்பிட்டு காட்டறது

அடுத்த மாசம் வரட்டும்.

"ஒரே ஒரு தடவ குட்டி போட விடலாமா?"

போன வச்சிடுவேன்.

அவ சேத்து வச்சத பிடுங்கறது

ஹீட் முடிஞ்சு ரெண்டு மாசம் வாக்குல, வயித்துல ஒண்ணும் இல்லாமலே சில நாய்க்கு மடி வீங்கி பால் கூட வரும். பொய் கர்ப்பம்னு சொல்வாங்க. பொன்னிக்கு வந்ததும் நான் பதறி பால பிழிஞ்சு விட்டேன், அது இன்னும் மோசம், பிழிய பிழிய ஊறும். டாக்டர் திட்டினாரு, அது அடங்கற வரைக்கும் ஆபரேஷனையும் தள்ளிப் போட்டாரு. தொடாம விட்டா ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிடும், மடி சூடா கல்லு மாதிரி ஆச்சுன்னா மட்டும் ஓடுங்க.

அந்த நாள்ல அவ கட்டிலுக்கு அடியில ஒரு கூடு கட்டினா, வீட்டுக்காரரோட சாக்ஸ் எல்லாம் ஒவ்வொண்ணா கவ்விட்டு போய் அடுக்கி, குட்டிய நக்கற மாதிரி நக்கி, பக்கத்துலயே படுத்துக்கிட்டா. எடுக்கப் போனா உறுமினா, அவ இந்த வீட்ல போட்ட முதல் சத்தமே அதுதான். நான் அத புடுங்கப் போனேன், அத்தை கைய புடிச்சு நிறுத்திட்டாங்க, "அவகிட்ட இருந்து எடுத்ததெல்லாம் போதும், சாக்ஸ் தான, இருக்கட்டும் விடு"ன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் எப்பவாவது ஒண்ண தூக்கிட்டு போவா, அதனால ஜோடி மாறின சாக்ஸ் போட்டு ஆபீஸ் போறது எங்க வீட்ல சகஜம்.