அச்சில் பீங்கான் கோப்பை வார்ப்பது எப்படி?

பீங்கான் தொழிலுக்கு வர விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது சக்கரத்தைப் பற்றித்தான். ஆனால் விருத்தாசலத்துப் பட்டறைகளில் பொம்மைகளும் கோப்பைகளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. புதிதாகச் சேர்பவரின் கைக்கு முதலில் வருவதும் அச்சுதான். இந்த வேலையில் மண்ணைவிட நீரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு நீர் எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே கோப்பை நிற்கும் அல்லது விரிசல் விடும்.

முதலில் கூழ், அதாவது அச்சில் ஊற்றும் மண் கரைசல். பீங்கான் மண்ணில் வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் (இவை இரண்டும் பொடியாக்கிய கனிமங்கள்) ஆகிய மூன்றும் இருக்கும். இவற்றைத் தனித்தனியே வாங்கிக் கலக்காமல், தயாராகக் கலந்து விற்கப்படும் மண்ணில் தொடங்குவது நல்லது. 10 கிலோ உலர்ந்த மண்ணுக்குச் சுமார் 4 லிட்டர் நீர் போதும். இவ்வளவு குறைந்த நீரில் மண் சாதாரணமாகப் பிசைந்த மாவைப் போலத்தான் இருக்கும். 30 முதல் 40 கிராம் சோடியம் சிலிகேட்டை முன்னதாகவே நீரில் கரைத்துவிட்டால், மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கி, கலவை மோர்க்குழம்பு போல ஓடும். ஓடவில்லையே என்று மேலும் மேலும் சோடியம் சிலிகேட்டை ஊற்றக் கூடாது. அளவு மீறினால் கூழ் மறுபடியும் கெட்டியாகிவிடும். சல்லடையில் வடிகட்டி, ஓர் இரவு அப்படியே வைத்திருந்து, மறுநாள் ஒரு லிட்டரை எடைபோட்டுப் பாருங்கள். 1750 முதல் 1800 கிராம் வரை இருந்தால் கூழ் சரியான பதத்தில் இருக்கிறது.

அச்சு நன்கு உலர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் கூழிலிருந்து நீரை உறிஞ்சுவது அதுதான். அதற்காக அதை அடுப்பருகே வைத்துவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் பிளாஸ்டர் பொடியத் தொடங்கும். அச்சின் பாகங்களை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, கூழை நிறுத்தாமல் ஒரே தாரையாக விளிம்பு வரை ஊற்றுங்கள். இடையில் நிறுத்தினால், நின்ற இடத்தில் வளையம் போலத் தடம் விழும். சிறிது நேரத்தில் கூழின் மட்டம் மெல்ல இறங்கும். இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்து, வாய்ப்பகுதியில் கத்தி முனையால் லேசாகக் கீறிப் பார்த்தால் சுவரின் கனம் தெரியும். அது 4 மில்லிமீட்டர் ஆனதும், அச்சை மெதுவாகச் சாய்த்து மீதிக் கூழை வெளியேற்றுங்கள். உள்ளே காற்று புகுவதற்கு இடம் விடாமல் ஒரேயடியாகக் கவிழ்த்தால், மென்மையான சுவர் உள்ளிழுக்கப்பட்டு அச்சை விட்டுப் பிரிந்துவிடும்.

கோப்பையின் உட்புறத்தில் நீர்ப் பளபளப்பு மறைந்து, மண்ணுக்கும் அச்சுக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி தெரியும்போதுதான் அச்சைத் திறக்க வேண்டும்.

பிடியை ஒட்டுவதில் பொறுமை தேவை. நான் வேலை பழகிய காலத்தில், காலையில் வார்த்த கோப்பைகளில் மாலையில் வார்த்த பிடிகளை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒட்டிய இடத்தில் விரிசல் ஓடியிருந்தது. ஈரமான பிடி அதிகமாகவும், காய்ந்த கோப்பை குறைவாகவும் சுருங்கியதே காரணம். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, இரு பக்கமும் கீறிவிட்டு, கூழைத் தடவி ஒட்ட வேண்டும்.

மின்விசிறிக் காற்று படாத இடத்தில் உலரவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய, கோப்பையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அச்சுக் கோடுகளை ஈரப் பஞ்சால் துடைத்து நீக்குவதே பாதுகாப்பானது. உலர்ந்த மண்ணைத் தேய்த்தாலோ தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினாலோ எழும் சிலிக்காத் தூசி, நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். இதை எந்த அவசரத்திலும் மறக்க வேண்டாம்.

சூளையில் முதல் சூடு, அதாவது பிஸ்கட் சூடு, சுமார் 950 டிகிரி. 120 டிகிரி வரை மிக மெதுவாக ஏற்றுங்கள். எஞ்சிய ஈரம் நீராவியாகி வெடிக்கும் இடம் அதுதான். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென விரிவதால், அதைக் கடக்கும்போதும், ஆறும் வழியில் திரும்பிக் கடக்கும்போதும் அவசரப்படக் கூடாது. இப்படி முதல் சூடு கண்ட கோப்பையைக் கிளேஸில், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகும் கரைசலில், மூன்று விநாடி முக்கி எடுத்து, அடிப்பகுதியில் படிந்த கிளேஸை முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சூடு பல மண்களுக்கு 1200 டிகிரிக்கு மேல் போகும். சரியான அளவை மண் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூளையின் வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே திறக்க வேண்டும். அச்சில் 10 சென்டிமீட்டர் உயரம் இருந்த கோப்பை, வெளியே வரும்போது ஏறத்தாழ 9 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும். அந்த அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த அச்சுக்கான மாதிரியை எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதை அதைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும்.