எந்த வருஷத்தோடு ஒப்பிட்டு? காலநிலை வாக்குறுதிகளை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் "டீசல் செலவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்று சொன்னால், பக்கத்துப் படகுக்காரர் உடனே கேட்பார்: எந்த மாதத்தோடு ஒப்பிட்டு? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில் கிடக்கும். தடை முடிந்ததும் அத்தனை படகும் கடலில் இறங்கும். எந்த மாதத்தை எடுக்கிறோமோ அதற்கேற்ப கணக்கு மாறிவிடும்.

பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த 2015ல் உருவான பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் தரும் வாக்குறுதிகளைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். ஜப்பான், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியீட்டை 2030க்குள் 46% குறைப்பதாகச் சொன்னது, 2013ஐ அடிப்படை ஆண்டாக வைத்து. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகளை நிறுத்தி, நிலக்கரியும் எரிவாயுவும் கூடுதலாக எரித்த காலம் அது. வெளியீடு உச்சத்தில் இருந்த ஆண்டு. ரஷ்யா 2020ல் தந்த வாக்குறுதி இன்னும் மோசம். 2030ல் 1990 அளவில் 70%க்கு மேல் போகமாட்டோம் என்றது. சோவியத் ஒன்றியம் சிதறித் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால், காடுகள் உறிஞ்சுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் வெளியீடு அப்போதே ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. அதாவது, குறைப்பு என்ற பெயரில் கூட்டுவதற்கு அனுமதி.

அடுத்தது, எதைக் குறைக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவது. இந்தியா 2022ல் சொன்ன 45%, மொத்த வெளியீட்டில் அல்ல. உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் வெளியீட்டில், 2005ஐ விட. ஒரு கிலோ மீனுக்கு ஆகும் டீசலைக் குறைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடு, அதாவது பிடிபடும் மீன், இரண்டு மடங்கானால், கிலோவுக்கு 45% குறைத்தும் மொத்த டீசல் 10% கூடிவிடும். நல்ல முயற்சிதான், ஆனால் வேறு வகை முயற்சி. ஐரோப்பிய ஒன்றியம் சொல்லும் 55% மொத்த வெளியீட்டில் குறைப்பு, 1990ஐ விட. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பதே தப்பு.

அதற்காக இந்தியா ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். தலைக்கு எவ்வளவு என்று பார்க்காத மதிப்பீடு நியாயமாக இருக்காது.

மின்சாரத்தில் ஒரு குழப்பம் உண்டு. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. அது திறன், அதாவது நல்ல வெயிலில் அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. சாயங்காலம் ஏழு மணிக்கு ராமநாதபுரத்தில் விளக்குப் போடும்போது அந்தப் பேனல்களிலிருந்து ஒன்றும் வராது. நாட்டின் மொத்த மின்திறனில் பாதியை, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளைச் சாராத நிலையங்களுடையதாக ஆக்கும் இலக்கை 2025லேயே, ஐந்து வருஷம் முன்னதாக, இந்தியா எட்டிவிட்டது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அவற்றின் பங்கு சுமார் கால்வாசிதான். செய்தியில் "50%" என்று வந்தால் திறனா, உற்பத்தியா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், "வெளிநாட்டுப் பணம் வந்தால் செய்வோம்" என்ற நிபந்தனை. இந்தோனேசியா 2022ல், தன் பலத்தில் சுமார் 32%, உதவி கிடைத்தால் சுமார் 43% என்று இரண்டு எண் தந்தது. பெரிய எண்ணை மட்டும் எடுத்துப் பேசக்கூடாது. 2050, 2060, 2070 என்று தூரத்தில் நிற்கும் நிகர பூஜ்ஜிய (வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும்) ஆண்டுகளை வைத்தும் நாட்டை அளக்காதீர்கள். 2030க்கும் 2035க்கும் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, வாக்குறுதியும் நடப்பும் ஒன்றல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கைப்படி, எல்லா வாக்குறுதியும் முழுதாக நிறைவேறினாலும் இந்த நூற்றாண்டில் உலக வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 2.3 முதல் 2.5 டிகிரி வரை கூடும். இப்போதைய கொள்கைகளே தொடர்ந்தால் 2.8. இரண்டு டிகிரியிலேயே உலகின் பவளப்பாறைகளில் 99%க்கு மேல் அழியும் என்பது காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணிப்பு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பாம்பன் பெண்கள் மூழ்கி இறங்குவது அந்தப் பவளப்பாறைகளில்தான்.