ஆம்பியரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: மாறும் மின்காந்தப் புலத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஒரு சர்க்யூட்டில் இரைச்சல் ஏறுகிறது என்றால், பலரும் முதலில் தேடுவது அதிக மின்னோட்டம் ஓடும் கம்பியைத்தான். பெரும்பாலும் அது தவறான இடம். புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது, அதை எவ்வளவு பரப்புள்ள வளையம் பிடிக்கிறது, இந்த இரண்டும்தான் தூண்டலை, அதாவது அந்த வளையத்தில் பிறக்கும் மின்னழுத்தத்தை, தீர்மானிக்கின்றன. ஃபாரடே 1831-இல் கண்டதும் இதையே. ஒரு சுருளில் மின்னோட்டம் சீராக ஓடும்வரை பக்கத்துச் சுருளின் கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) அசையவில்லை. இணைத்தபோதும் துண்டித்தபோதும்தான் முள் துள்ளியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கும். 1 ஆம்பியர் ஓடும் நேர்கம்பியிலிருந்து 1 செ.மீ. தள்ளி, 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறு வளையம் இருக்கிறது. அங்கே காந்தப்புலம் சுமார் 20 மைக்ரோடெஸ்லா. அந்த 1 ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் அலையின் உச்சமானால் வளையத்தில் பிறப்பது 0.6 மைக்ரோவோல்ட். அதே 1 ஆம்பியர் 10 நானோவினாடியில் ஏறினால் 0.2 வோல்ட். கம்பியும் வளையமும் ஆம்பியரும் மாறவில்லை. மூன்று லட்சம் மடங்குக்கும் மேல் வந்தது வேகத்தால் மட்டுமே.

இதன் கிளைத்தவறு ஒன்று: 'என் கடிகாரத் துடிப்பு வெறும் 1 மெகாஹெர்ட்ஸ்தானே' என்று நிம்மதி அடைவது. துடிப்பு எத்தனை முறை வருகிறது என்பதைவிட, ஒவ்வொரு விளிம்பும் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது முக்கியம். 0.32-ஐ ஏறுநேரத்தால் (விளிம்பு தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏற எடுக்கும் நேரம்) வகுத்தால் எந்த அதிர்வெண் வரை கவலைப்பட வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 1 நானோவினாடி விளிம்பு என்றால் 320 மெகாஹெர்ட்ஸ். துடிப்பு மெதுவாக இருந்தாலும் அந்த எல்லை குறையாது. இதைக் குறைக்க எளிய வழி, சிக்னல் புறப்படும் முனையிலேயே 22 முதல் 47 ஓம் வரை ஒரு தொடர் மின்தடை வைத்து விளிம்பைச் சற்று மழுங்கடிப்பது. பெறும் முனையில் வைத்தால் பயன் குறைவு.

லென்ஸ் விதியைப் பாதியாகப் படிப்பது

தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தப் பாயத்தை (வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) எதிர்க்கிறது என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அது எதிர்ப்பது பாயத்தின் மாற்றத்தை. பாயம் குறையும்போது தூண்டப்பட்ட மின்னோட்டம் அதைத் தாங்கிப் பிடிக்கும் திசையில்தான் ஓடும். ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) காயிலை அணைக்கும்போது நடப்பது இதுதான்: மின்னோட்டம் அதே திசையில் தொடர முயல்கிறது, போக வழி இல்லாததால் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறுகிறது, டிரான்சிஸ்டர் போய்விடுகிறது. அதற்குத்தான் காயிலுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டயோடு, அதன் கேத்தோடு (கோடு போட்ட முனை) ப்ளஸ் பக்கம் பார்த்தபடி. திருப்பிப் போட்டால், காயிலை இயக்கிய கணமே சப்ளை நேராக டயோடு வழியே ஷார்ட் ஆகும்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரே மின்னழுத்தம்தான் என்று நம்புவது

நிலையான சர்க்யூட்டில் சரி. பாயம் மாறும் இடத்தில் இந்த நம்பிக்கை உடைந்துவிடும். ஒரு பக்கம் 100 ஓம், மறுபக்கம் 900 ஓம் என இரண்டு மின்தடைகளை வளையமாக இணைத்து, நடுவே மாறும் பாயத்தைச் செலுத்துங்கள். சுற்றிலும் பிறக்கும் மின்னியக்கு விசை (தூண்டப்பட்ட மின்னழுத்தம்) 1 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர் ஓடும். மின்தடைகள் சேரும் அதே இரண்டு புள்ளிகளில் இரண்டு மீட்டர்களை வையுங்கள், ஒன்று இடப்புறமாக, மற்றது வலப்புறமாக. ஒன்று 0.1 வோல்ட் காட்டும், இன்னொன்று 0.9 வோல்ட் காட்டும், அதுவும் எதிர்க்குறியில். இரண்டு மீட்டருமே பழுதில்லை. மீட்டரின் வயர்கள் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகின்றன என்பதும் சர்க்யூட்டின் ஒரு பகுதி என்பதைத்தான் அவை சொல்கின்றன.

ஆசிலாஸ்கோப் (மின்னழுத்தத்தை அலையாகத் திரையில் காட்டும் கருவி) பிடிப்பவர்கள் இதைத் தினமும் சந்திக்கிறார்கள், ஆனால் வேறு பெயரில். அதன் ப்ரோபோடு (சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் முனை) வரும் 15 செ.மீ. கிரவுண்ட் வயர் ஏறத்தாழ 150 நானோஹென்றி. ப்ரோபின் 10 பிகோஃபாரட் மின்தேக்குதிறனோடு சேர்ந்து அது 130 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கிறது. திரையில் அழகாக ஆடித் தேயும் அந்த அலை சர்க்யூட்டில் இல்லவே இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. சோதிப்பது சுலபம்: கிரவுண்ட் கிளிப்பை ப்ரோப் முனையிலேயே மாட்டி, அந்த வளையத்தை, எதையும் தொடாமல், சர்க்யூட்டின் அருகே கொண்டுபோங்கள். அப்போதும் திரையில் அலை தெரிந்தால் அது வளையம் பிடித்தது. நீள வயரைக் கழற்றிவிட்டு, முனைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் குட்டை ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டிக்கொண்டு மீண்டும் அளவெடுங்கள். இல்லாத இரைச்சலுக்கு வடிகட்டி போட்டு ஒரு வாரத்தைத் தொலைப்பதை இந்த அரை நிமிடச் சோதனை தடுக்கும்.

சுழல் மின்னோட்டத்தை மறப்பது

மாறும் பாயம் உலோகத்தின் உள்ளேயே சுற்றி ஓடவைத்து அதைச் சூடாக்கும் மின்னோட்டமே சுழல் மின்னோட்டம். டிரான்ஸ்பார்மர் உள்ளகத்தைத் தகடு தகடாக அடுக்குவது அதைத் தடுக்கத்தான் என்று தெரிந்தவர்கள்கூட, அடுக்கைத் துளைத்துச் செல்லும் போல்ட்டுக்கு இன்சுலேஷன் குழாய் போட மறந்துவிடுகிறார்கள். போல்ட் தகடுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துவிடும். பிறகு அடுக்கியதற்கே அர்த்தமில்லை, உள்ளகம் அந்த இடத்தில் கொதிக்கும். தகடு மெல்லியதாக இருக்கும் வரை சுழல் மின்னோட்ட இழப்பு தடிமனின் இருபடியாகவும் அதிர்வெண்ணின் இருபடியாகவும் ஏறும். 50 ஹெர்ட்ஸுக்குச் சரியாக இருக்கும் 0.35 அல்லது 0.5 மி.மீ. சிலிக்கான் எஃகுத் தகட்டை 50 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் சப்ளையில் போட முடியாததும் இதனால்தான். அங்கே ஃபெரைட் (மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் காந்தப் பீங்கான்) வேண்டும்.

பேனல் வேலையில் இதே தவறு வேறு வேடத்தில் வரும். அதிக மின்னோட்டம் சுமக்கும் ஒற்றை ஃபேஸ் கேபிளை மட்டும் இரும்புத் தகட்டின் ஒரு துளை வழியே விட்டால், துளையைச் சுற்றி மாறும் பாயம் முழுதும் இரும்பில் ஓடும், தகடு சுடும். எல்லா ஃபேஸ்களும் நியூட்ரலும் ஒரே துளை வழியே போனால் அவற்றின் புலங்கள் வெளியே ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். முடியாதபோது துளைகளுக்கு இடையே தகட்டில் ஒரு வெட்டு விடுங்கள், அல்லது அலுமினியத் தகடு போடுங்கள். கிளாம்ப் மீட்டரை முழு கேபிளையும் சுற்றிப் போட்டு 'சைபர் காட்டுகிறது, மீட்டர் போச்சு' என்பவர்களுக்கும் பதில் இதே ரத்துதான்.

அலுமினியத் தாள் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் நிற்கும் என்பதும் பரவலான நம்பிக்கை. கடத்தியின் உள்ளே போகப் போக மின்னோட்டம் தேய்ந்து, மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகும் ஆழம் செம்பில் 50 ஹெர்ட்ஸுக்கு 9 மி.மீ.க்கு மேல், அலுமினியத்தில் அதைவிட அதிகம். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூட இல்லாத தாள் அங்கே காற்று மாதிரிதான். மின்புலத்தை அது நன்றாகத் தடுக்கும், பத்துக் கணக்கான மெகாஹெர்ட்ஸில் அலையையும் தடுக்கும். தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்துக்கு வயர்களை முறுக்குவதும், வளையப் பரப்பைக் குறைப்பதும், தூரம் தள்ளி வைப்பதும்தான் மலிவான மருந்து. அவை போதாதபோதுதான் தடித்த எஃகோ, காந்தப்புலத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் மியூ-மெட்டல் என்ற நிக்கல் கலவையோ.

பக்கத்தில் பிடிபடுவதெல்லாம் கதிர்வீச்சு என்பது

அலைநீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குள் இருக்கும் புலம் பெரும்பாலும் மூலத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது. தூரம் கூடக் கூடச் சட்டென்று விழும். 50 ஹெர்ட்ஸுக்கு அந்த எல்லை சுமார் 950 கி.மீ. மின்மாற்றிப் பக்கத்தில் நின்று 'கதிர்வீச்சு' அளந்தேன் என்றால் அளந்தது காந்தத் தூண்டலையே. 100 மெகாஹெர்ட்ஸில் அதே எல்லை அரை மீட்டருக்குள் முடிந்துவிடும்.

சிறிய வளையம் கதிர்வீசும் திறன் அதிர்வெண்ணின் நான்காம் படியில் ஏறுகிறது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுர வளையத்தின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியேறும் ஆற்றலை மின்தடையாகக் கணக்கிட்ட அளவு) 1 மெகாஹெர்ட்ஸில் 0.4 நானோஓம், ஒன்றுமே இல்லை. 100 மெகாஹெர்ட்ஸில் 0.04 ஓம், பத்துக் கோடி மடங்கு.

ஆனால் சாதனம் வெளிவிடும் புலம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கூடத்தில் அது தோற்பது பெரும்பாலும் வளையத்தால் அல்ல, வெளியே தொங்கும் கேபிளால். 50 மெகாஹெர்ட்ஸில், 3 மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாக்க 10 சதுர செ.மீ. வளையத்தில் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். 1 மீட்டர் கேபிளில் எல்லா வயர்களிலும் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக இருந்தால் 5 மைக்ரோஆம்பியர் போதும். போகும் வயரில் ஓடுவதும் திரும்பும் வயரில் ஓடுவதும் ரத்தாகின்றன. திரும்பாமல் கசிந்த அந்தச் சொற்பம்தான் கேபிளை ஆன்டெனா ஆக்குகிறது.

ஷீல்டு (வயர்களைச் சுற்றிய உலோக உறை) உள்ள கேபிள் வாங்கி, ஷீல்டை 5 செ.மீ. வயராக முறுக்கி பெட்டிக்குள் ஒரு திருகில் மாட்டுவது இதில் மிகச் செலவான தவறு. அந்த முறுக்கு ஏறத்தாழ 50 நானோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் 31 ஓம். ஷீல்டில் வரும் மின்னோட்டத்துக்கு அது கதவை அடைத்தாற்போல. ஷீல்டு, கனெக்டரின் உலோக ஓட்டைச் சுற்றிலும் தொட வேண்டும், ஓடு பெட்டிச் சுவரைத் தொட வேண்டும். இரைச்சலை அடக்க கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுவதானால் எல்லா வயர்களும் சேர்ந்து அதன் உள்ளே போகட்டும், அதுவும் கேபிள் பெட்டியை விட்டு வெளியேறும் இடத்திலேயே. மாட்டும் முன் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளவைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது புலம் சரிகிறதோ, ஃபெரைட் அதற்கு.