முதல் ராணுவ சைக்கிள்: சுவிஸ் எம்ஓ-05 வாங்குவது எப்படி?

பழைய ராணுவ சைக்கிள் சேகரிக்க ஆசை, எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுவிஸ் ராணுவத்தின் எம்ஓ-05. 1905-இல் வந்த வடிவம். 1989 வரை பெரிதாக மாறவே இல்லை. 68,000-க்கும் மேல் தயாரித்ததால் இன்றும் ஐரோப்பாவில் விற்பனைக்கு வருகிறது. ஒரே கியர், எடை ஏறக்குறைய 24 கிலோ. இதை மிதித்துக்கொண்டு அந்த மலைநாட்டில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்! சுவிஸ் சைக்கிள் படையைக் கலைத்ததே 2003-இல்தான்.

1. முழு வண்டியாக வாங்குங்கள். மட்கார்டு, கேரியர், டைனமோ, விளக்கு, சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் பை, பிரேம் நடுவே மாட்டும் பை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. விடுபட்டதைத் தனித்தனியாகத் தேடி வாங்கினால் செலவு எங்கோ போய்விடும்.

2. காலத்தைச் சரிபாருங்கள். பிரேமில் அடித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தோல் பைகளின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் அச்சு குத்தியிருக்கும். விரலால் தடவினாலே எழுத்து தட்டுப்படும். பை ஒரு காலம், வண்டி ஒரு காலம் என்றால் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, விலையில் அது தெரிய வேண்டும்.

3. டயர். இங்கேதான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள். 26 இஞ்ச் என்று கேட்டு வாங்காதீர்கள். அந்தப் பெயரில், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 559, 584, 590 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. இந்த வண்டிக்கு 584. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் 26 x 1 3/8 டயர் 590. ஆறே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ரிம்மில் பிடித்து உட்காராது. டயரின் பக்கவாட்டில் உள்ள மில்லிமீட்டர் எண்ணை மட்டும் நம்புங்கள். இன்னொன்று: முன் பிரேக் ரிம்மைப் பிடிக்காது, டயரின் மேலேயே அழுத்தும். அதனால் முரட்டுப் பட்டன் போட்ட டயர் வேண்டாம்.

4. ஓவராயில் செய்யுங்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். பால்ரஸைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வையுங்கள். சக்கரத்தில் கோட்டம் எடுங்கள். அப்புறம் பிரேமை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மெல்லிய மெழுகு பூசினால் போதும். துரு இருக்கும் இடத்தில் எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பிச் சுருளால் லேசாகத் தேய்க்கலாம். பித்தளை இரும்பைக் கீறாது. பழைய பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிய வண்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். ராணுவம் பூசிய பூச்சு ஒருமுறை போனால் போனதுதான்.

5. கூடவே வரும் பொருட்கள். தண்ணீர்க் குடுவை, தோல் பெல்ட், கம்பளி, ஹெல்மெட் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். தோலைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பழைய வாயு முகமூடியை முகத்தில் மாட்டிப் பார்க்காதீர்கள். அந்தக் கால வடிகட்டிகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தோட்டா, குண்டு வகையறா காலியாகத் தெரிந்தாலும் தொட வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.